திரைக்கு வந்தும் தாளை விடாத ஆய்வேடு

பெங்களூரில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் யாருடைய மடிக்கணினியிலும் டவுன்லோட்ஸ் அடைவைத் திறந்து பாருங்கள். '07_சாப்டர் 1', '08_சாப்டர் 2', '10_சாப்டர் 4' என்று ஒரே அச்சில் வார்த்த பெயர்களுடன் பிடிஎஃப் கோப்புகள் அடுக்கடுக்காக நிற்கும். எழுதியவர் யார், எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு என்பதைக் கோப்பின் பெயர் சொல்லாது. திறந்தாலும் முதல் பக்கத்தின் நடுவில் 'இயல் 4' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கீழே நேராக வாதம் தொடங்கிவிடும். ஆய்வாளரின் பெயர் '01' என்று தொடங்கும் வேறொரு கோப்பில் இருக்கிறது. அவசரத்தில் அதை இறக்கி வைப்பவர்கள் குறைவு. ஆறு மாதம் கழித்து மேற்கோள் குறிப்பு எழுத உட்காரும்போது அந்த இயல் 4 யாருடையது என்று மறுபடி தேட வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டுரையின் பொருள் மின் ஆய்வேட்டின் நடுப்பகுதி. அதாவது முன்னுரை இயலிலிருந்து முடிவுரை இயல் வரை, ஆய்வாளர் உண்மையில் உழைத்து எழுதிய பகுதி. தலைப்புப் பக்கம், சான்றிதழ், உறுதிமொழி ஆகியவற்றுக்குப் பல்கலைக்கழகங்கள் மாதிரிப் படிவமே கொடுத்துவிடுகின்றன. நடுப்பகுதிக்கு வரும்போது விதிகள் ஓர அளவு, வரி இடைவெளி, எழுத்தின் அளவு என்ற மூன்றோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. அந்த மூன்றும் தாளுக்கானவை. இந்திய மின் ஆய்வேடு சேர்ப்பதிலும் காப்பதிலும் பெரிய சாதனை செய்திருக்கிறது. ஆனால் வாசிப்பவரின் பக்கம் அது இன்னும் முழுதாகத் திரும்பவில்லை என்பதுதான் என் முடிவு. அந்தக் குறை தொழில்நுட்பத்தால் வந்ததல்ல. நடுப்பகுதியை எப்படி அமைக்கச் சொல்கிறோம் என்பதில் வந்தது.

வரலாற்றில் ஒரு திருப்பம் இதற்குக் காரணமாக இருக்கிறது. 1987இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில், ஆய்வேடுகளை நுண்படச் சுருளாக விற்றுவந்த யூஎம்ஐ நிறுவனம் கூட்டிய சந்திப்பில், ஆய்வேட்டைக் கணினியில் எப்படி வைப்பது என்று பேசினார்கள். அன்று மேசையில் இருந்த யோசனை எஸ்ஜிஎம்எல். எது இயல் தலைப்பு, எது பத்தி, எது அடிக்குறிப்பு, எது மேற்கோள் என்று எழுத்துக்குள்ளேயே குறியிட்டு வைக்கும் முறை அது. தோற்றத்தைப் பிறகு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். அமைப்பு மட்டும் கோப்பில் நிலைத்திருக்கும். ஆனால் அன்றைய மாணவர்கள் கையில் அதற்கேற்ற கருவி இருக்கவில்லை. 1993இல் அடோபி நிறுவனம் பிடிஎஃப் வடிவத்தைக் கொண்டுவந்தபோது பக்கத்தை அச்சில் இருப்பது போலவே காட்டும் வழி எளிதாகக் கிடைத்தது. 1997இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் உலகில் முதன்முதலாக மின் ஆய்வேட்டைக் கட்டாயமாக்கியபோது பெரும்பாலான மாணவர்கள் கொடுத்தது பிடிஎஃப்தான். அமைப்பைக் காக்க வந்த திட்டம் தோற்றத்தைக் காக்கும் திட்டமாக மாறியது அங்கேதான்.

கர்நாடகத்துக்கு இந்த வரலாற்றில் முன்வரிசை இடம் உண்டு. 2000இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் நூலகவியல் துறையில் சாலினி அர்ஸ் 'வித்யாநிதி' என்ற மின் ஆய்வேட்டு முயற்சியைத் தொடங்கினார். கன்னடம், இந்தி ஆகியவற்றின் ஆய்வேட்டு விவரங்களை யூனிகோடில் வைக்க வேண்டும் என்று அந்த ஆரம்ப நாட்களிலேயே வித்யாநிதி வேலை செய்தது. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் 2002இல் ஆய்வுக் கட்டுரைகளுக்கான மின் களஞ்சியத்தைத் திறந்தது. ஆய்வேடுகளுக்கான தனிக் களஞ்சியமும் தொடர்ந்து வந்தது. நாடு முழுவதற்கும் விதி வந்தது 2009இல். பட்டம் அறிவித்த முப்பது நாட்களுக்குள் ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு ஆணையிட்டது. 2016 விதிகள் அதைப் பட்டம் வழங்குவதற்கு முந்தைய நிபந்தனையாக்கின. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா களஞ்சியம் இவற்றின் விளைவாக வளர்ந்தது. இன்று அங்கே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன.

குறைகளைப் பேசுவதற்கு முன்னால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை மனம்விட்டுச் சொல்லத்தான் வேண்டும். ஆய்வேடு என்பது மூன்று நான்கு படிகள் மட்டும் உள்ள பொருளாக இருந்தது. ஒன்று துறையில், ஒன்று பல்கலைக்கழக நூலகத்தில், ஒன்று நெறியாளர் வீட்டில், ஒன்று எழுதியவரிடம். மதுரையில் நடந்த ஆய்வைத் தஞ்சாவூரில் இருப்பவர் பார்க்க வேண்டுமானால் கடிதம் வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். நூலகத்தில் உட்கார்ந்து கையால் குறிப்பெடுக்க வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க விடமாட்டார்கள். ஒரே தலைப்பில் இரண்டு பல்கலைக்கழகங்களில் இரண்டு பேர் ஒருவரையொருவர் அறியாமல் ஐந்து ஆண்டு உழைத்ததெல்லாம் அந்தக் காலத்தில் நடந்தது. இன்று தமிழ்ச் சிற்றூரில் உள்ள முதல் தலைமுறைப் பட்டதாரியும் காசு கொடுக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் நாட்டின் ஆய்வேடுகளைத் திறக்கிறார். இந்த ஒன்றுக்காகவே ஷோத்கங்காவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பிடிஎஃப் தேர்வுக்கும் வலுவான நியாயம் உண்டு. ஆய்வேட்டில் பக்க எண் அசையக் கூடாது. "பக். 137" என்று ஒருவர் மேற்கோள் காட்டினால் பத்தாண்டு கழித்தும் அந்த வாக்கியம் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். அட்டவணையும் வரைபடமும் இசைக் குறியீடும் கல்வெட்டுப் படியும் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் எந்த வடிவில் ஏற்றுக்கொண்டாரோ அந்த வடிவிலேயே நிற்க வேண்டும். நீண்டகாலக் காப்புக்கென்றே பிடிஎஃப்-ஏ என்ற தரம் 2005இல் பன்னாட்டுத் தர அமைப்பால் வகுக்கப்பட்டது. எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே பொதிந்து வைக்க வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. மென்பொருள்கள் மாறி மாறி மறையும் காலத்தில் இது சின்ன பாதுகாப்பு அல்ல.

இனி நடுப்பகுதியை இயல் இயலாக வெட்டும் வழக்கத்துக்கு வருவோம். ஷோத்கங்காவில் ஆய்வேடு ஒரே கோப்பாக ஏறுவதில்லை. தலைப்புப் பக்கம் ஒரு கோப்பு, சான்றிதழ் ஒரு கோப்பு, பொருளடக்கம் ஒரு கோப்பு, ஒவ்வோர் இயலும் ஒவ்வொரு கோப்பு, துணைநூற்பட்டியல் தனி, பின்னிணைப்பு தனி. தொடங்கிய காலத்துக்கு இது பொருத்தமான ஏற்பாடு. இணைய வேகம் குறைவு, கல்லூரிகளில் அடிக்கடி மின்வெட்டு. முந்நூறு பக்க ஸ்கேன் கோப்பை ஏற்றிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாசகருக்கும் முழு ஆய்வேடு தேவைப்படாது. கோட்பாட்டு இயல் மட்டும் போதும் என்பவர் அதை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். தேடுபொறியும் பொருத்தமான இயலுக்கே நேராகக் கொண்டுபோய் விடும்.

அந்த ஏற்பாட்டின் காரணங்களில் பாதி இன்று மறைந்துவிட்டன. விலை மட்டும் அப்படியே இருக்கிறது, அதை வாசகர் கொடுக்கிறார். ஒரு கலைச்சொல் ஆய்வேடு முழுவதும் எங்கெங்கே வருகிறது என்று தேட ஏழெட்டு கோப்புகளைத் தனித்தனியாகத் திறக்க வேண்டும். பொருளடக்கத்தில் 'இயல் 5' என்பதைத் தொட்டால் எங்கும் போகாது, ஏனென்றால் இயல் 5 வேறு கோப்பு. இரண்டாம் இயலில் "இது நான்காம் இயலில் விரிவாகப் பேசப்படும்" என்று எழுதியிருப்பார். அந்த நான்காம் இயலுக்கு வழி இல்லை. மேற்கோளின் மூலம் என்ன என்று பார்க்கத் துணைநூற்பட்டியல் கோப்பையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆய்வேடு என்பது ஒரு தொடர்ந்த வாதம். முன்னுரையில் எழுப்பிய கேள்வி இயல்கள்தோறும் வளர்ந்து முடிவுரையில் விடை காண வேண்டும். வெட்டி வைத்த கோப்புகள் அந்தத் தொடர்ச்சியைக் கண்ணிலிருந்து மறைக்கின்றன. வெட்டியதைப் படித்துப் படித்து, எழுதுபவர்களும் ஒவ்வோர் இயலையும் தனிக் கட்டுரையாகவே எழுதப் பழகுகிறார்களோ என்ற கவலை எனக்கு உண்டு.

இங்கே ஒரு பெயரை நினைக்காமல் நகர முடியாது. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்று, 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்ட எஸ்.ஆர். ரங்கநாதன் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது பெங்களூரில். 1962இல் அவர் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கீழ் நிறுவிய ஆவணவியல் ஆய்வு பயிற்சி மையம் இன்றும் மைசூர் சாலையில் இயங்குகிறது. அவர் விதிகளில் நான்காவது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. புத்தக அலமாரியை எப்படி அடுக்குவது, அட்டையில் என்ன எழுதுவது, எந்தக் குறிப்பு எங்கே நிற்க வேண்டும் என்று அவர் இழைத்து இழைத்து யோசித்ததெல்லாம் வாசகரின் அந்தச் சில நிமிடங்களுக்காக. இயல்களை வெட்டிப் பெயரில்லாமல் வைப்பதை அந்த விதியின் முன் நிறுத்தினால் அது தேறாது. முழு ஆய்வேட்டையும் ஒரே கோப்பாகக் கொடுத்துவிட்டு, அதோடு இயல்களையும் தனித்தனியாக வைத்தால் இரண்டு தேவைகளும் நிறைவேறும். தனி இயல் ஒவ்வொன்றின் பக்கத் தலையிலும் ஆய்வாளர் பெயர், ஆய்வேட்டுத் தலைப்பு, ஆண்டு மூன்றும் ஒரு வரியில் ஓட வேண்டும். இதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை.

ஓர அளவு விதிகளுக்குக் குறைந்த இடம் போதும். அண்ணா பல்கலைக்கழக வழிகாட்டுதலில் இடது ஓரம் 35 முதல் 40 மில்லிமீட்டர், வலது ஓரம் 20 முதல் 25 மில்லிமீட்டர். இடது பக்கம் அகலமாக இருப்பது பைண்டிங் தையலுக்காக. மின்படிக்குத் தையல் இல்லை. ஆனாலும் எழுத்து வலப்பக்கம் ஒதுங்கியே நிற்கிறது. கணினியில் இது பெரிய தொல்லை இல்லை. கைப்பேசியில் தொல்லைதான். 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 பக்கம் ஏறக்குறைய 70 மில்லிமீட்டர் அகலமுள்ள திரையில் அடங்கும்போது 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகச் சுருங்குகிறது. நம் மாணவர்களில் பலருக்கு இருக்கும் ஒரே கணினி கைப்பேசி என்பதை மறந்து எழுதிய விதிகள் இவை. பக்க எண்ணிலும் இதே கவனக்குறைவு உண்டு. பக்கத்தில் 137 என்று அச்சாகியிருக்கும். பிடிஎஃப் காட்டியில் 9 என்று வரும். இரண்டையும் பொருத்திவைக்கும் வசதி பிடிஎஃபிலேயே இருக்கிறது, பயன்படுத்துவோர்தான் அரிது.

இந்திய அறிவியல் கழகத்தின் களஞ்சியத்தில் நிலைமை வேறு. அங்கே ஆய்வேடு பெரும்பாலும் ஒரே கோப்பு. அறிவியல், பொறியியல் மாணவர்கள் பலர் லேட்டெக் என்ற மென்பொருளில் எழுதுகிறார்கள். லேட்டெக்கில் எழுதுபவர் தலைப்பைப் பெரிதாக்குவதில்லை. 'இது இயல்', 'இது பிரிவு', 'இது சமன்பாடு' என்று சொல்கிறார். பெரிதாக்குவதையும் எண்ணிடுவதையும் பொருளடக்கத்தில் சேர்ப்பதையும் மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. புதிதாக ஓர் இயலை நடுவில் செருகினால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் தாமாகத் திருந்தும். "படம் 3.2ஐப் பார்க்க" என்பதைத் தொட்டால் படத்துக்கே போகலாம். 1987இல் ஆன் ஆர்பரில் பேசிய அமைப்புச் சிந்தனை, யஷ்வந்த்பூர் பக்கத்தில் உள்ள இந்தக் கழகத்தில் இப்படி உயிரோடு இருக்கிறது. ஆனால் லேட்டெக்குக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. எழுதும்போது இருக்கும் அமைப்பு, பிடிஎஃபாக மாறும்போது வழக்கமாக உள்ளே முழுதாகப் பதிவாவதில்லை. சமன்பாடு கண்ணுக்கு அழகாகத் தெரியும். பார்வையற்றவரின் திரை வாசிப்பானுக்கு அது சிதறிய குறிகளின் குவியல். அண்மை ஆண்டுகளில்தான் லேட்டெக் குழுவினர் இதைச் சரிசெய்யும் வேலையில் இறங்கியிருக்கிறார்கள்.

மொழி, சமூகவியல், வரலாறு, கல்வியியல் துறைகளில் வேர்டுதான். வேர்டிலும் தலைப்புக்கென்று ஸ்டைல்கள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் பொருளடக்கம் தானே உருவாகும். பிடிஎஃபுக்கு மாற்றும்போது பக்கவாட்டுப் பட்டியலும் கூடவே வரும். ஆனால் நடைமுறை என்ன? தலைப்பைத் தெரிவு செய்து தடித்த எழுத்தாக்கி, அளவை 16 ஆக்கி, நடுவில் நிறுத்துகிறோம். கண்ணுக்கு அது தலைப்பு. கணினிக்கு அது தடித்த எழுத்தில் உள்ள இன்னொரு பத்தி. பொருளடக்கத்தைக் கையால் தட்டி, புள்ளி புள்ளியாக இழுத்து, பக்க எண்ணைக் கண்ணால் பார்த்து நிரப்புகிறோம். கடைசி நேரத்தில் நெறியாளர் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னால் அத்தனை எண்ணும் தவறாகிவிடும்.

இதற்கு ஆய்வாளரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பல்கலைக்கழக வாசல்களுக்கு எதிரே உள்ள டைப்பிங் சென்டர்களில்தான் எத்தனையோ ஆய்வேடுகள் உருப்பெறுகின்றன. ஆய்வாளர் கையால் எழுதிக் கொடுப்பார். அங்கே தட்டச்சு செய்து, அமைத்து, அச்சிட்டு, தங்க எழுத்தில் அட்டை போட்டு பைண்டிங் வரை முடித்துக் கொடுப்பார்கள். வேகமும் நேர்த்தியும் உள்ள உழைப்பாளிகள் அவர்கள். கூலி பக்கக் கணக்கில். அச்சில் எப்படித் தெரிகிறது என்பதுதான் அவர்களிடம் கேட்கப்படுவது; உள்ளே அமைப்பு இருக்கிறதா என்று இதுவரை எந்தப் பல்கலைக்கழகம் அவர்களிடம் கேட்டிருக்கிறது? ஆய்வு முறையியல் என்று பாடம் நடத்தும் நாம், ஐந்தாண்டு உழைப்பை எந்தக் கோப்பில் எப்படி வைப்பது என்பதற்கு ஒரு வாரமாவது ஒதுக்க வேண்டாமா?

எல்லாவற்றிலும் எனக்கு அதிக வருத்தம் தருவது எழுத்துருச் சிக்கல். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இது புரியவே புரியாது. தமிழில் பாமினி, வானவில், ஸ்ரீலிபி, டாம், டாப், டிஸ்கி என்று எத்தனையோ குறியீட்டு முறைகளில் ஆய்வேடுகள் தட்டச்சாகியிருக்கின்றன. கன்னடத்திலும் இதே கதைதான். நுடி, பரஹ ஆகியவற்றின் பழைய எழுத்துருக்களில் எழுதிய ஆய்வேடுகள் ஏராளம். இவற்றில் திரையில் தெரிவது தமிழ் அல்லது கன்னடம். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும். பாமினியில் அகரம் இருப்பது ஆங்கில எம் எழுத்தின் இடத்தில். இகரம் காற்புள்ளியின் இடத்தில். 'இலக்கியம்' என்று தட்டினால் கோப்புக்குள் பதிவாவது காற்புள்ளி, ஒய், எஃப், அரைப்புள்ளி, எஃப், பி, ஏ, கே, அரைப்புள்ளி என்ற வரிசை. அச்சிட்டால் ஒரு பிழையும் தெரியாது. அந்த ஆய்வேட்டில் 'இலக்கியம்' என்று தேடினால் ஒரு முறைகூட அகப்படாது. முந்நூறு பக்கம் தமிழ் இலக்கியத்தைப் பற்றி எழுதிய ஒருவரின் உழைப்பு, தேடுபொறியின் கணக்கில் தமிழிலேயே இல்லை.

திருட்டு எழுத்தைக் கண்டறியும் ஏற்பாட்டையும் இது குலைக்கிறது. மானியக் குழுவின் 2018 விதிப்படி பத்து சதவீதத்துக்கு மேல் ஒப்புமை இருந்தால் நடவடிக்கை. அதற்காகவே இன்ஃப்ளிப்நெட் 2019இல் ஷோத்சுத்தி திட்டத்தைத் தொடங்கியது. பெங்களூரைச் சேர்ந்த ட்ரில்பிட் மென்பொருளும் பின்னர் அதில் இடம்பெற்றது. மென்பொருள் ஒப்பிடுவது கோப்புக்குள் இருக்கும் குறிகளை. யூனிகோடில் உள்ள ஒரு புத்தகத்திலிருந்து பத்துப் பக்கத்தைப் பார்த்துப் பாமினியில் தட்டிவைத்தால் இரண்டுக்கும் பொதுவாக ஓர் எழுத்தின் குறிகூட இராது. அப்படியே எடுத்தாண்டவர் தப்பிவிடலாம். நேர்மையாக எழுதியவருக்கோ தம் நேர்மையை நிறுவும் சான்று கிடைக்காது.

தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்தது. புதிய ஆய்வேடுகள் பல இப்போது யூனிகோடில் வருகின்றன. அதோடு சிக்கல் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். யூனிகோடில் தட்டிய தமிழ், பிடிஎஃபாக மாறும்போது சில வேளை உள்ளே கலைந்துபோகிறது. 'கொ' என்ற எழுத்தில் கொம்பு ககரத்துக்கு முன்னால் தெரிகிறது. யூனிகோடு வரிசையில் ககரத்துக்குப் பின்னால் வர வேண்டும். மாற்றும் கருவி கண்ணுக்குத் தெரியும் வரிசையையே பதிந்துவிட்டால், நகலெடுத்து ஒட்டும்போது கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் சிதறி விழும். இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டாம். பிடிஎஃபிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் போதும். சரியாக விழுந்தால் கோப்பு நல்ல கோப்பு.

இந்திய அறிவியல் கழகத்தின் மின்பொறியியல் துறையில் பேராசிரியர் ஏ.ஜி. ராமகிருஷ்ணன் வழிநடத்திய மைல் ஆய்வகம் தமிழுக்கும் கன்னடத்துக்கும் எழுத்துணரிகளையும், எழுத்தைக் குரலாக்கும் மென்பொருளையும் உருவாக்கியது. அச்சுப் பக்கத்தின் படத்தைப் பார்த்து எழுத்தை மீட்டெடுக்கும் கடினமான வேலை எழுத்துணரியினுடையது. பழைய புத்தகங்களுக்கு அது வரம். ஆனால் கணினியிலேயே பிறந்த ஆய்வேட்டை அச்சிட்டு, கையெழுத்துப் பக்கங்களுக்காக முழுவதையும் ஸ்கேன் செய்து, அந்தப் படத்தை மின்படி என்று ஒப்படைத்து, பிறகு எழுத்துணரியை வைத்து எழுத்தை மீட்பது வீண் வேலை. இந்த வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. கையெழுத்துள்ள சான்றிதழ் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து சேர்த்தால் போதுமே.

பார்வையற்ற ஆய்வாளர்களை இந்தப் பேச்சின் ஓரத்தில் வைத்துவிடக் கூடாது. நம் பல்கலைக்கழகங்களில் தமிழிலும் கன்னடத்திலும் வரலாற்றிலும் முனைவர் பட்டம் செய்யும் பார்வையற்றவர்கள் இருக்கிறார்கள். திரை வாசிப்பான் அவர்களுக்குத் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும் வசதி தருகிறது, தலைப்பு தலைப்பாகக் குறிக்கப்பட்டிருந்தால். இல்லையென்றால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்டுக்கொண்டே போக வேண்டும். பாமினிக் கோப்பானால் கேட்பது வெறும் ஆங்கில எழுத்துகள். ஸ்கேன் படமானால் மௌனம். தகவல் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்று 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. பொதுப் பணத்தில் நடந்த ஆய்வு, பொதுக் களஞ்சியத்தில் இருந்தும், ஒரு பகுதியினருக்கு மூடிக் கிடக்கிறது. மற்ற குறைகள் வசதிக் குறைவு. இது உரிமை மறுப்பு.

பிடிஎஃபையே விட்டுவிட்டு இணையப் பக்க வடிவத்துக்கோ ஈபப் வடிவத்துக்கோ போகலாம் என்று வாதிடுவோர் உண்டு. திரைக்கேற்ப எழுத்து விரியும், கைப்பேசியில் படிக்கச் சுகம், அமைப்பும் உள்ளேயே இருக்கும் என்பது அவர்கள் தரப்பு. அந்தச் சுகம் உண்மைதான். ஆனால் நிலையான பக்க எண் போய்விடும். மேற்கோள் காட்டும் மரபு முழுவதையும் பத்தி எண்ணுக்கு மாற்ற வேண்டும். வாய்மொழித் தேர்வில் ஏற்கப்பட்ட பிரதியும் களஞ்சியத்தில் உள்ள பிரதியும் ஒன்றுதானா என்ற ஐயம் எழும். நம் பல்கலைக்கழகங்கள் இன்று இருக்கும் நிலையில் அந்தத் தாவலை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிடிஎஃப் இருக்கட்டும், உள்ளே அமைப்புக் குறிகளோடு இருக்கட்டும். பிடிஎஃபில் அணுகல் குறிகளை எப்படி வைப்பது என்பதற்கு 2012லிருந்தே பன்னாட்டுத் தரம் இருக்கிறது. வேர்டில் ஸ்டைல்களை ஒழுங்காகப் பயன்படுத்தி நேரடியாகப் பிடிஎஃபாகச் சேமித்தாலே அதில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

ஆகவே விதிப் புத்தகத்தில் நடுப்பகுதிக்கான பக்கத்தைத் திருத்த வேண்டும். இடது ஓரம் எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லும் வரிக்கு அருகிலேயே யூனிகோடு கட்டாயம் என்ற வரி இருக்க வேண்டும். இயல், பிரிவு, உட்பிரிவுத் தலைப்புகள் ஸ்டைல் வழியே குறிக்கப்பட வேண்டும், படங்களுக்கு விளக்க வரி உள்ளேயே இருக்க வேண்டும், அட்டவணையைப் படமாக ஒட்டக் கூடாது என்பவையும் அங்கே வர வேண்டும். ஒப்புமைச் சான்றிதழ் இல்லாமல் ஆய்வேட்டை வாங்க மறுக்கும் நூலகர், நகலெடுத்து ஒட்டிப் பார்க்கும் சோதனையில் தேறாத கோப்பையும் திருப்பி அனுப்பும் அதிகாரம் பெற வேண்டும். விதி அங்கே இருந்தால் டைப்பிங் சென்டர்காரர்கள் ஒரே பருவத்தில் கற்றுக்கொள்வார்கள். பக்கக் கூலியோடு அதற்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளட்டும், அது நியாயமான கூலி.

களஞ்சியத்தில் ஏற்கெனவே உறங்கும் பழைய கோப்புகளுக்கும் வழி இருக்கிறது. பாமினியிலும் வானவில்லிலும் நுடியிலும் எழுதிய ஆய்வாளர்களில் பலர் இன்று கல்லூரி ஆசிரியர்களாகப் பணியில் இருக்கிறார்கள். அவர்களின் மூல வேர்டு கோப்புகள் பழைய கணினியிலோ சிடியிலோ இன்னும் இருக்கக்கூடும். பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. மூலக் கோப்பு இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் மாற்றி, மெய்ப்புப் பார்க்க இன்னும் சில நாட்கள் போதும். தமிழ்த் துறைகளும் கன்னடத் துறைகளும் தங்கள் பழைய மாணவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி அந்தக் கோப்புகளைக் கேட்டு வாங்க வேண்டும். பக்க எண் மாறாத பழைய பிடிஎஃபை அப்படியே வைத்துக்கொண்டு, தேடக்கூடிய யூனிகோடு பிரதியை அதன் பக்கத்தில் சேர்க்க இன்ஃப்ளிப்நெட் இடம் கொடுக்க வேண்டும். அந்தச் சிடிகள் இன்னும் எத்தனை ஆண்டு ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. கடிதம் இந்தக் கல்வியாண்டிலேயே போக வேண்டும்.